அரிசியும் அறுநூறு ரூபாயும்

பொருளாதார நிபுணர்கள் எழுதிய அறிக்கையை நாவலாசிரியன் விமரிசனம் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம் என்பதுதான் என் கட்சி. அவர்களும் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் குடும்பங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் நாவல் பிசகிப்போனால் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அவருக்கு வேறு நஷ்டம் இல்லை. அவர்களுடைய அறிக்கையோ, அதை நம்பிப் போட்ட உத்தரவோ பிசகிப்போனால் யார் வீட்டிலோ உலை வைக்க நேரமாகிறது. அப்படியானால் விமரிசனம் யாருக்கு அதிகம் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த யோசனையை எனக்கு உண்டாக்கியவர் என் நண்பர் ஒருவர். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மாலையில் கடற்கரையில் காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகப் பக்கம்வரை நாங்கள் சேர்ந்து நடப்பது வழக்கம். ஒரு நாள் கையில் ஓர் அச்சடித்த கட்டைக் கொடுத்து, "நாவலாசிரியரே, எத்தனை நாளைக்குத்தான் காதலையே படித்துக்கொண்டிருப்பீர்கள்? இதையும் படித்துப் பாருங்கள். இதில் நம்ம ஊரும் வருகிறது" என்றார்.

நம்ம ஊர் வருகிறது என்றால் படிக்காமல் இருக்க முடியுமா? படித்தேன்.

விஷயம் இதுதான். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகுதியுள்ள குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் தரவேண்டும். 2015 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது: யூனியன் பிரதேசங்கள் விரும்பினால் தானியத்துக்குப் பதில் பணமாகவே வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். அந்த செப்டம்பரிலேயே சண்டிகரிலும் புதுச்சேரியிலும் அது ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷம் தாத்ரா-நாகர் ஹவேலியும் சேர்ந்துகொண்டது. பணம் எவ்வளவு என்பதற்கும் சூத்திரம் உண்டு. தானியத்துக்கு சர்க்கார் கொடுக்கும் ஆதார விலையை ஒன்றே கால் மடங்காக்கி, அதிலிருந்து ரேஷன் விலையைக் கழித்துவிடவேண்டும். புதுச்சேரி சர்க்கார் தன் பங்காகக் கொடுத்துவந்த இலவச அரிசிக்கும் பிற்பாடு இதே கதி நேர்ந்தது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோ அரிசிக்குப் பதில் 600 ரூபாய். மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். எங்கள் வீதி முனையிலிருந்த ரேஷன் கடை மெல்ல மெல்ல வேலையற்றுப் போய், கடைசியில் பூட்டு விழுந்தது.

இதற்கு நிபுணர்கள் சொன்ன நியாயத்தை முதலில் சரியாகச் சொல்லிவிடவேண்டும். எதிராளியின் கட்சியைக் குறைத்துச் சொல்லி ஜெயிப்பது விமரிசனம் ஆகாது. அரிசி கிடங்கில் மக்குகிறது; லாரியில் வரும் வழியில் குறைகிறது; கடையில் எடை போடும்போது இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஒரு ரூபாய்ப் பண்டத்தை ஏழையின் கையில் சேர்ப்பதற்கு ஒரு ரூபாய்க்கு மேல் செலவாகிறது. இதற்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிட்டால், அவன் தனக்குப் பிடித்த அரிசியை வாங்கிக்கொள்வான். அரிசி வேண்டாமென்றால் கேழ்வரகோ முட்டையோ வாங்கிக்கொள்வான். தனக்கு எது நல்லதென்று அவனுக்குத் தெரியாதா? நாம் யார் அவனுக்குச் சொல்வதற்கு?

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. மரியாதையும் இருக்கிறது. படித்துக்கொண்டே வரும்போது நானும் தலையை ஆட்டினேன். ஆனால் பாதி வழியில் ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கதையின் நாயகன் யார்? 'குடும்பம்' என்று ஒரு பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது பணம் பெறுகிறது, யோசிக்கிறது, செலவு செய்கிறது. அதற்கு ஒரே வாய், ஒரே கை, ஒரே மனசு. நான் முப்பது வருஷமாகக் குடும்பக் கதைகள் எழுதுகிறேன். இப்படி ஒரு குடும்பத்தை எந்த வீதியிலும் பார்த்ததில்லை. நான் பார்த்த குடும்பங்களில் ஒருவர் கைக்கும் இன்னொருவர் கைக்கும் நடுவே ஒரு கதையே இருக்கும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளிடம், பணம் வர ஆரம்பித்த புதிதில், "என்னம்மா, அரிசி தேவலையா, பணம் தேவலையா?" என்று கேட்டேன். துலக்கிய சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அரிசின்னா மூட்டையில கெடக்கும்யா. அத தூக்கிக்கிட்டு வாசல் தாண்டினா நாலு பேரு பாப்பாங்க, 'எங்க எடுத்துட்டுப் போறே'ன்னு கேப்பாங்க. பணம்னா சத்தமில்லாமப் போயிடும்யா."

யார் எடுத்துக்கொண்டு போவது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டப்படி குடும்பத்தில் வயது வந்த மூத்த பெண்தான் அட்டைக்குத் தலைவி. ஆனால் பாங்குக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே, சர்க்காரே ஏலம் விடும் சாராயக் கடை ஒன்று இருக்கிறது.

மறுநாள் கடற்கரையில் இதைப் பேராசிரியரிடம் வெற்றிப் பெருமிதத்தோடு சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்கள் சொல்வது ஒரு வீடு. எத்தனையோ நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஏழைகளின் கையில் பணம் கொடுத்தால் பொதுவாக அது குடிக்கும் புகைக்கும் போவதில்லை என்றுதான் கண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தீர்ப்புச் சொல்வது உங்கள் தொழிலில் நடக்கும். எங்கள் தொழிலில் நடக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. எவ்வளவு சரி என்பது அடுத்த வாரமே தெரிந்தது. கூபேர் மார்க்கெட்டில் வழக்கமாகப் பூ வாங்கும் இடத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதிலை எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பூக்காரம்மாள் கை நாரை விடாமலே, "அரிசி வந்திருக்குன்னு சொன்னா அன்னிக்கு ஒரு நாளு யாவாரம் போச்சு சார். வரிசையில நின்னு வாங்கியாந்தா அது இட்டிலிக்குத்தான் ஆவும். பணமே குடுக்கட்டும். எனக்கு வேணுங்குற அரிசிய நான் வாங்கிக்குவேன்" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு பூவை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏழைகளின் மனசு எனக்குத் தெரியும் என்று பத்துப் புத்தகங்களில் எழுதியவன் நான். ஒரு வரிசையில் நிற்க ஒரு நாள் வியாபாரம் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பொருளாதார நிபுணருக்குத் தெரியாதது என்னவென்று கண்டுபிடிக்கப் போனவன், எனக்குத் தெரியாதது என்னவென்று கண்டுகொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு அந்த அறிக்கையை மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் அடக்கத்தோடு, படித்தேன். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் நிதி ஆயோகுக்காகச் செய்த ஆய்வு அது. 2016-லும் 2017-லும் பல சுற்றுகளாக ஆட்களை வீடு வீடாக அனுப்பி, மூன்று யூனியன் பிரதேசங்களிலும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் நாவலுக்கு நிகரான ஓர் இடம் உண்டு. சர்க்கார் கணக்கின்படி, அனுப்பிய பணத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. ஜனங்களைக் கேட்டால், முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் 'எங்களுக்கு வரவே இல்லை' என்கிறார்கள். கடைசிச் சுற்றிலும்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அப்படியே சொல்கிறார்.

இதில் யார் பொய்? யாரும் பொய் இல்லை. பணம் போயிருக்கிறது, ஆனால் மறந்துபோன ஏதோ ஒரு பழைய கணக்குக்குப் போயிருக்கிறது. அல்லது சரியான கணக்குக்கே வந்திருக்கிறது. பாஸ் புத்தகத்தில் பதியாததால் வந்தது தெரியவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் 'அனுப்பிவிட்டோம்' என்பது உண்மை. இந்தப் பக்கம் 'வரவில்லை' என்பதும் உண்மை. அரிசி விஷயத்தில் இந்த விசித்திரம் நடக்காது. பையில் இருக்கும், அல்லது இராது.

வந்த பணமும் பலருக்குப் போதவில்லை. முன்பு கடையில் வாங்கிய அளவு அரிசியை வெளியே வாங்கவேண்டுமானால் கையிலிருந்து மேற்கொண்டு போடவேண்டியிருந்தது. சூத்திரம் தெரிந்தது கொள்முதல் விலையைத்தான். முத்தியால்பேட்டை மளிகைக் கடையின் விலையை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. முதல் சுற்றில் 'அரிசியே வேண்டும்' என்று சொன்னவர்கள் பெரும்பான்மை. நாளாக நாளாகப் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்ததும், 'பணமே இருக்கட்டும்' என்பவர்கள் பெரும்பான்மை ஆனார்கள். ஜனங்களின் அபிப்பிராயம் கல்லில் வெட்டியது அல்ல. அனுபவத்தோடு அது நகர்கிறது.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டிய ஓர் ஆய்வு 2011-ல் நடந்தது. ஜான் த்ரேஸும் ரீதிகா கேராவும் மாணவர்களைக் கொண்டு ஒன்பது மாநிலக் கிராமங்களில் இதே கேள்வியைக் கேட்கச் செய்தார்கள். ரேஷன் கடை ஒழுங்காக நடக்கும் தமிழ்நாட்டில், பணம் என்ற பேச்சையே ஜனங்கள் விரும்பவில்லை. கடை என்பது பேருக்கு இருந்த பீகாரில், பணமாவது வரட்டும் என்றவர்கள் அதிகம். கேள்வி ஒன்று, பதில் ஊருக்கு ஊர் வேறு. ஏழை பணத்தை விரும்புகிறானா, அரிசியை விரும்புகிறானா என்பது ஏழையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. உண்மையில் அது அந்த ஊர்க் கடையையும் பாங்கையும் பற்றிய கேள்வி.

எங்கும் எப்போதும் செல்லும் விதி ஒன்று இருக்கிறது என்ற ஆசை இன்று வந்தது அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடலாமா? 1760-களில் பாரிஸில் ஒரு கூட்டத்தார் தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடவே கூடாது என்று நிரூபித்தார்கள். சட்டமும் ஆயிற்று. பிறகு ரொட்டி விலை ஏறிற்று; கலகம் வந்தது. 1770-ல், பாரிஸிலுள்ள தூதரகத்தில் உத்தியோகம் பார்த்திருந்த கலியானி என்ற நேப்பிள்ஸ் பாதிரியார், தானிய வியாபாரத்தைப் பற்றி உரையாடல்களாக ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருளாதாரப் புத்தகம்தான், ஆனால் நாடகம் மாதிரி மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். வோல்தேர் அதைப் படித்துவிட்டுக் கொண்டாடினார். கலியானியின் கட்சி எளிது: சின்ன ஊருக்கு ஏற்றது பெரிய தேசத்துக்கு ஏற்காது, துறைமுகத்துக்குச் சரியானது உள்நாட்டுக்குச் சரியாகாது, எந்தத் தேசம், எந்தக் காலம் என்று கேட்காமல் தானியத்தைப் பற்றிப் பேசாதே. அவர் விதியை எதிர்க்கவில்லை. விலாசம் இல்லாத விதியைத்தான் எதிர்த்தார்.

அதே காலத்தில் அதே கூட்டத்தாரின் கை புதுச்சேரிவரை நீண்டதும் உண்டு. 1769-ல் மொரெலே என்ற பாதிரியார், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியால் நஷ்டமே தவிர லாபமில்லை என்று கணக்குப் போட்டு ஒரு பிரசுரம் எழுதினார். அந்த வருஷமே கம்பெனியின் ஏகபோகம் நிறுத்தப்பட்டது. அந்தக் கம்பெனியை நம்பியே கட்டிய ஊர் இது. கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பெனி புண்ணியஸ்தலமும் அல்ல. 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் இடித்துப்போட்ட வீடுகளை அப்போதுதான் மறுபடி எழுப்பிக்கொண்டிருந்த ஜனங்கள், அந்தப் பிரசுரத்தின் எந்தப் பத்தியில் வந்திருக்கமுடியும் என்றுதான் கேட்கிறேன். இதே ஊரில் சில வருஷங்களுக்கு முன்புவரை ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் உட்கார்ந்து, எந்தக் கப்பல் வந்தது, எந்த வியாபாரி என்ன சொன்னான், துரை முகம் எப்படி இருந்தது என்று எழுதிவைத்துக்கொண்டிருந்தார். பாரிஸிலிருந்த கணக்கும் அறிவுதான். ரங்கப்பிள்ளையின் தினசரியும் அறிவுதான். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இந்த இரண்டாவது வகை அறிவைப் பற்றி, பொருளாதார நிபுணர்களில் ஹயக் என்பவர் 1945-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அந்தந்த இடத்துக்கும் வேளைக்கும் உரிய அறிவு ஜனங்களிடையே சிதறிக் கிடக்கிறது. அதை ஒரு மேஜையில் கூட்டிச் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். 1974-ல் நோபல் பரிசு வாங்கியபோதும், தெரியாததைத் தெரிந்ததுபோல் பாவிக்கும் தம் இனத்தாரைத்தான் அந்த மேடையிலேயே கண்டித்தார். வேடிக்கை என்னவென்றால், 'சர்க்கார் கடை வேண்டாம், பணம் கொடு' என்பவர்களும் அவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அழைக்கட்டும். ஆனால் அவர் சொன்ன சிதறிய அறிவில், சத்தமில்லாமல் போகும் பணத்தைப் பற்றி எங்கள் வீட்டு அம்மாளுக்குத் தெரிந்ததும் சேர்த்திதானே?

ஆகவே அறிக்கையின் மேல் என் விமரிசனம் அறிக்கை எழுதியவர்கள்மேல் அல்ல. அவர்கள் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டார்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்கள். 'இப்போதைக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று ஒப்புக்கொண்டார்கள். என் குறையெல்லாம் வரிசையைப் பற்றித்தான். உத்தரவு 2015-ல். கேள்வி 2016-ல். கடையை எடுத்துவிட்டு, பிறகு 'கடை வேண்டுமா?' என்று கேட்டோம்.

இரண்டாவது குறை, அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள்மேல். முதலமைச்சராக இருந்த நாராயணசாமி அரிசிதான் என்றார். துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி பணம்தான் என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. 2020-ல் பணம் என்பதே நிலைத்தது. அந்தச் சண்டையில் இரு பக்கமும் 'ஜனங்கள் விரும்புகிறார்கள்' என்ற பேச்சு அடிபட்டது. எந்த ஜனங்கள், எந்த மாதம், பணம் ஒழுங்காக வந்தபோதா வராதபோதா என்ற சில்லறைக் கேள்விகள் யார் காதிலும் விழவில்லை. நிபுணர் தயக்கத்தோடு சொன்னதை அதிகாரி தயக்கமில்லாமல் கையெழுத்திடுகிறார். நடுவில் அந்தத் தயக்கம்தான் காணாமல் போகிறது. வங்கிக் கணக்கில் தொலைந்த பணத்தையாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவதாக ஒன்று. அதை எந்த ஆய்வும் தீர்த்துவைக்காது. பணம் கொடுத்தால் எத்தனை கிலோ அரிசி வாங்குவார்கள் என்பதை அளக்கலாம். ஒரு சர்க்கார் தன் ஜனங்களுக்கு இரண்டு வேளைச் சோற்றுக்குப் பொறுப்பா, அறுநூறு ரூபாய்க்குப் பொறுப்பா என்பதை அளக்க முடியாது. விலை ஏறினால் அந்தப் பாரம் யார் தலையில் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. அரிசி கொடுத்தால் சர்க்கார் தலையில். பணம் கொடுத்தால் அந்த அம்மாள் தலையில். இதில் பேராசிரியருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு, பூக்காரம்மாளுக்கும் ஒரு ஓட்டு. படிப்புக்காக யாருக்கும் கூடுதலாக ஓட்டுக் கிடையாது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது உணவுக்காக மத்திய சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது தானியம். யாரும் சூத்திரம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பிறகு 2024 தீபாவளியை ஒட்டி, ரங்கசாமி முதலமைச்சராக இருக்கும்போது, புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசம் என்றார்கள். எங்கள் வீதி முனைக் கடையிலும் பூட்டைத் திறந்தார்கள். வரிசையில் எங்கள் வீட்டு அம்மாளைப் பார்த்தேன். பூக்காரம்மாள் வந்திருந்தாளா என்று தெரியாது. அன்றைக்குப் பண்டிகை வியாபாரம் நன்றாக நடந்திருக்கும். அவள் வந்திருக்கமாட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் நான் பார்க்கவில்லை.

அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது பேராசிரியர், "எப்படி, விமரிசகரே?" என்றார்.

"நல்ல புத்தகம். ஆனால் முக்கியமான பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் பேச இடம் கொடுத்திருக்கலாம்" என்றேன்.

"அதை நீங்கள்தான் எழுதவேண்டும். அதற்கென்றுதானே நாவலாசிரியர் என்று ஒரு ஜாதியை வைத்திருக்கிறோம்?"

"எழுதலாம். ஆனால் நான் எழுதினால் அவள் நான் நினைத்ததைத்தான் பேசுவாள். முதலில் போய்க் கேட்கவேண்டும்."

"நாங்களும் அதைத்தான் செய்கிறோம்" என்றார் பேராசிரியர்.

"உத்தரவுக்கு முன்பா, பிறகா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பழைய துறைமுகப் பக்கம் வந்துவிட்டதால் இருவரும் திரும்பி நடந்தோம்.